பன்னிரண்டாம் வருடத்து நாற்காலிகள்

என் கால் ஒரு நாற்காலியின் காலில் இடித்தது. குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். எல்லாம் அதில்தான் தொடங்கியது.

யோசித்துச் செய்ததில்லை. புத்தகத்தின் மேல் கால் பட்டாலோ, பஸ்ஸில் பக்கத்து ஆள் மேல் பட்டாலோ கை தானாகப் போய்வருமே, அந்தப் பழக்கம்தான். நாற்காலிக்கு யாரும் அப்படிச் செய்வதில்லை. நானும் அதற்கு முன்பு செய்ததில்லை. கலிஃபோர்னியாவில் சான் ஹோசேயிலிருந்து ஐந்து மணி நேரம் மலையேறி ஓட்டிவந்த அசதியில் என் கைக்கு ஆள் எது, சாமான் எது என்று தெரியாமல் போயிருக்க வேண்டும். அந்த மலை ஹோட்டல் கூடத்தின் மறுகோடியில் துணியும் மெழுகு டப்பாவுமாக நின்றிருந்த பெண்மணி அதைப் பார்த்துவிட்டார். என்ன செய்தாய் என்று கேட்டார். கால் பட்டதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்றேன்.  "இருபத்தாறு வருடமாக இந்த ஹோட்டலில் இருக்கிறேன். இந்த நாற்காலிகளிடம் இதுவரை ஒருவரும் மன்னிப்புக் கேட்டதில்லை" என்றார்.

அது 1999 ஜூன் மாதம். அவருக்கு அறுபது வயதைத் தாண்டியிருக்கும். பெயர் சொல்லியே கூப்பிடு என்றார். என்னைவிட முப்பது வயது மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட என் நாக்கு மறுத்துவிட்டது. கடைசிவரை மேடம் என்றே கூப்பிட்டேன்.

நான் அங்கே போனது ஒய்டுகே வேலைக்காக. இன்றைக்குச் சொன்னால் சிரிப்பார்கள். பழைய கம்ப்யூட்டர்களில் வருடத்துக்கு இரண்டே இலக்கம்தான் இடம். 99 முடிந்து 00 வரும்போது இயந்திரம் அதை 1900 என்று எடுத்துக்கொண்டு தலைகீழாகப் போய்விடும் என்று ஊரெல்லாம் பயம். அந்தப் பயத்தின் புண்ணியத்தில் எங்களைப் போன்றவர்கள் கூட்டம் கூட்டமாக விமானம் ஏறினோம். ஈரோட்டிலிருந்து வந்த எனக்கு அந்த ஹோட்டல் நாலாவது இடம். முந்தைய மூன்றும் இன்ஷூரன்ஸ், வங்கி, மறுபடி இன்ஷூரன்ஸ். மூன்றுக்கும் ஒரே வைத்தியம்தான் செய்தேன். வருடம் முப்பதுக்குக் கீழே இருந்தால் அது இரண்டாயிரத்தைச் சேர்ந்தது. முப்பதோ அதற்கு மேலோ இருந்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்தைச் சேர்ந்தது. ஒற்றை வரி. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் எழுதுவேன். அந்த வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம்கூட இருந்தது.

ஹோட்டலில் செய்ய வேண்டியது சின்ன வேலை. நவம்பரில் கட்டடத்தை மூடிப் பழுதுபார்க்கப் போகிறார்கள். சாமான்கள் எல்லாவற்றையும் வெளியே எடுத்தாக வேண்டும். பின்னால் இருந்த கொட்டகையில் நூறு சாமான்தான் பத்திரமாக வைக்க முடியும். மிச்சத்தை லாரி வைத்து அள்ளிப்போகும் ஒரு வியாபாரியிடம் கொடுத்துவிடுவார்கள். எந்த நூறு என்பதுதான் கேள்வி. பழமையானது முதலில் என்று நிர்வாகத்திடம் மன்றாடி ஒப்புக்கொள்ள வைத்தவர் அந்தப் பெண்மணி. என் புரோகிராம் சாமான் பட்டியலை வருட வரிசையில் அடுக்க வேண்டும். முதல் நூறுக்குப் பச்சைச் சீட்டு, மற்றதற்குச் சிவப்பு.

அவருடைய கவலையெல்லாம் கூடத்தில் இருந்த அறுபத்தெட்டு சாமான்களைப் பற்றித்தான். ஹோட்டல் கட்டியபோதே வாங்கியவை. ஆர்ட்ஸ் அண்ட் கிராஃப்ட்ஸ் என்று அந்த வகைக்குப் பெயர் சொன்னார். உண்மையைச் சொல்வதென்றால் முதல் பார்வையில் எனக்கு அவை பிடிக்கவில்லை. எங்கள் ஊர் ரயில்வே ஸ்டேஷன் வெயிட்டிங் ரூமில் கிடப்பவற்றைப் போலிருந்தன. கறுத்த ஓக் மரம், நேர் நேராகச் சட்டங்கள், தோல் இருக்கை. பேருக்குக்கூட ஒரு பூவேலை கிடையாது. இதற்கா இத்தனை அமர்க்களம் என்று நினைத்தேன்.

அவர் விடவில்லை. என் கையைப் பிடித்துக் கைப்பிடிக்கு அடியில் வைத்துத் தடவச் சொன்னார். ஒரு சட்டம் இன்னொன்றைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப்பார்த்தது. அதன் குறுக்கே ஒரு மர ஆப்பு. இணைப்பை மறைக்கக் கூடாது, எப்படிச் செய்தோம் என்பது எல்லோருக்கும் தெரிய வேண்டும் என்பதுதான் அந்தத் தச்சர்களின் பிடிவாதமாம். அந்தக் கறுப்பு நிறம் பெயின்ட் இல்லையாம். மூடிய அறையில் அமோனியாத் தட்டுகளோடு அடைத்துவைத்து, அந்த ஆவியிலேயே மரத்தைக் கறுக்க விடுவார்களாம். எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அந்த ஆவிக்குப் பஞ்சமே இல்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை.

இந்தச் சாமான்கள் அதுவரை கம்ப்யூட்டரில் ஏறவே இல்லை. அவருடைய மூன்று நோட்டுப் புத்தகங்களில்தான் இருந்தன. எண், வருடம், அதன்பின் அந்தந்த நாற்காலியின் உபத்திரவம். இடது கை லேசாக ஆடும், மழை பெய்தால் சரியாகும். பின்கால் குட்டை, ஜன்னலோரம் போடக் கூடாது. இரண்டு நாள் அவர் வாசிக்க வாசிக்க நான் தட்டினேன். ஒவ்வொரு தடவையும் "நைன்டீன் ட்வெல்வ்" என்று முழுசாகச் சொல்வார். நான் 12 என்று தட்டுவேன். கட்டத்தில் இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம்.

அடுத்த முறை போனபோது மனைவியையும் அழைத்துப்போனேன். அவளுக்கு அப்போது ஏழு மாதம். முதுகுவலியில் எங்கேயும் பத்து நிமிடம் உட்கார முடியாது. காரில் வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டே வந்தாள். மேடம் அவளைப் பார்த்தார், கணப்புக்குப் பக்கத்திலிருந்த ஒரு நாற்காலியைக் காட்டினார். பின்னாலிருக்கும் ஒரு கட்டையை எடுத்து அடுத்த பள்ளத்தில் மாட்டினால் முதுகுப்பக்கம் சாய்ந்துகொடுக்கும். மூன்று பள்ளம் மாற்றி, இவள் முகம் தளர்ந்ததும் நிறுத்தினார். இவள் அதிலேயே இரண்டு மணி நேரம் தூங்கிப்போனாள். விருந்தாளிகள் யாரும் கிட்டே வராதபடி மேடம் காவலுக்கு நின்றார். நான் கொண்டுபோயிருந்த புளிசாதத்தை நின்றுகொண்டே சாப்பிட்டார்.

எழுந்ததும் இவள் என்னிடம், "ஏனுங்க, இந்த ஒரு சேரை மட்டும் நம்ம அபார்ட்மென்ட்டுக்குத் தூக்கிட்டுப் போயிரலாமா?" என்றாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னேன். மேடம் சிரித்தார். "நான் இருக்கிறவரை இதில் ஒன்றுகூட இங்கிருந்து போகாது. இவை இல்லாவிட்டால் எனக்கும் இங்கே வேலை இல்லை, தங்க அறையும் இல்லை" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் அது நிஜம். சலவை அறைக்கு மேலே இருந்த ஓர் அறைதான் அவருக்கு வீடு. நாற்காலிகளைப் பார்த்துக்கொள்கிறவர் என்ற முறையில் கொடுத்தது.

ஆகஸ்டில் மகள் பிறந்தாள். செப்டம்பரில் புரோகிராமை முடித்துக் கொடுத்தேன். கொடுக்குமுன் சோதித்துப் பார்த்தேன், பார்க்காமல் இல்லை. 54, 67, 88 என்று சில வருடங்களை நானே போட்டு ஓட்டினேன். எல்லாம் வரிசையாக வந்தன. 12 போட்டுப் பார்க்கலாம் என்று தோன்றவே இல்லை. வங்கியிலும் இன்ஷூரன்ஸிலும் பார்த்த மனிதர்களில் ஒருவர்கூட 12இல் எதுவும் வாங்கியிருக்கவில்லை. கைக்குழந்தை, தூக்கமில்லை என்று சாக்குச் சொல்லலாம். சொல்ல மாட்டேன். சோம்பல்தான்.

நவம்பர் தொடக்கத்தில் மேடம் போன் செய்தார். முழங்கால் ஆபரேஷனுக்காக சாக்ரமென்டோவில் தங்கை வீட்டுக்குப் போகிறார். ஐந்து வாரம் ஆகும், திரும்பும்போது கூடம் காலியாகியிருக்கும். "பட்டியல் சரியாகத்தானே இருக்கிறது?" என்று கேட்டார். மடியில் குழந்தை, காதுக்கும் தோளுக்கும் நடுவில் போன். "நூறு சதவீதம் சரி மேடம். நீங்கள் காலைக் கவனியுங்கள்" என்றேன். என் வாயால் சொன்ன வார்த்தை.

நவம்பர் கடைசியில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறை முடிந்த திங்கள்கிழமை, கடைசியாக ஒரு தடவை சரிபார்க்க மலையேறினேன். கூடம் காலி. நாற்காலிகள் நின்ற இடங்களில் தரை மட்டும் வெளிறித் தெரிந்தது. கொட்டகையில் இருக்கும் என்று பின்பக்கம் போனேன். அந்தச் சாய்வு நாற்காலியை ஒரு போட்டோ எடுத்துவரச் சொல்லியிருந்தாள் மனைவி. கதவைத் திறந்தால், ஆரஞ்சு ரெக்சின் சோபாக்கள். எவர்சில்வர் கால் வைத்த மேஜைகள். முக்கோணக் குடை போட்ட விளக்குகள். அறுபதுகளில் எவனோ வாங்கிப்போட்ட குப்பை அத்தனையும் தடித்த கம்பளியில் சுற்றி, மூலைக்கு மூலை அட்டை கட்டி, பச்சைச் சீட்டோடு நூறு உருப்படி. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். நான் பிடித்த குரங்குகளுக்குக் கம்பளி வேறு போர்த்தியிருந்தார்கள்.

புதிதாக மாற்றலாகி வந்த மேனேஜர் உற்சாகமாக இருந்தார். புதன்கிழமையே மூன்று லாரியில் எல்லாம் போய்விட்டது, உன் பட்டியலால் வேலை சுலபமாக முடிந்தது என்று என் கையைக் குலுக்கினார். நான் பட்டியலைத் திறந்தேன். முதல் பக்கத்தில் 61, 62, 64 என்று போய், கடைசிப் பக்கம் முழுக்க 12, 12, 12. தாளில் வழக்கம்போல இரண்டு இலக்கம்தான் அச்சாகும், யாருக்கும் எதுவும் உறைக்காது. உள்ளே என் ஒற்றை வரி அதை 2012 ஆக்கிவைத்திருந்தது. கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அந்த அறுபத்தெட்டும் இனிமேல்தான் செய்யப்பட வேண்டும். ஆகவே இருப்பதிலேயே புதுசு. ஆகவே சிவப்பு.

 ஹோட்டல் போனிலிருந்தே எங்கள் கம்பெனி முதலாளியைக் கூப்பிட்டேன். கோயம்புத்தூர்க்காரர். கெட்டவர் இல்லை, குழந்தை பிறந்தபோது முதல் ஆளாகக் கார் சீட் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வந்தவர்.

"தம்பி, பதறாத. ஸ்பெக்ல என்ன இருந்துச்சு? ஓல்டஸ்ட் ஃபர்ஸ்ட்டுன்னுதான? சார்ட் பண்ணிக் குடுத்தோம். லிஸ்ட்ட அவங்க ஒருவாட்டி செக் பண்ணிருக்கோணும்."

"இல்லீங்ணா. புரோகிராம்ல இருக்கற பக் நம்முளுது. என்னோடது."

"அத அவங்க கேட்டாங்களா?"

"கேக்கலீங்ணா. அவங்களுக்குப் புரியவே இல்ல."

"கேக்காத கேள்விக்கு நீ எதுக்குப் பதில் சொல்ற? உனக்கு கிரீன் கார்டுக்கு லேபர் அப்ளை பண்ணி ஆறு மாசந்தான் ஆகுது. க்ளையன்ட் கேஸ் போட்டான்னா கம்பெனியே நிக்காது. அப்பறம் உன்ற கிரீன் கார்டு எங்கிருந்து வரும்? கைக்கொழந்த வெச்சிருக்கற. வாய மூடிட்டு வண்டிய எடு."

"சரிங்ணா" என்றேன். அந்தச் சரிங்ணாவை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் ஆத்திரம் வருகிறது. அப்போது ஆத்திரம் வரவில்லை. பயம்தான் வந்தது.

வாயை மூடிக்கொண்டு தேட ஆரம்பித்தேன். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம். லாரி வியாபாரிக்குப் பத்து நாள் விடாமல் போன் அடித்தேன். அந்த வார இறுதியிலேயே பத்துப் பத்தாகச் சேர்த்து விற்றாகிவிட்டது என்றார். யாருக்கு என்றால், வந்தவர்களுக்கு என்றார். பெயர் எழுதிக்கொள்வதில்லை. நாற்காலி நாற்காலிதானே, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டார். ஜூன் மாதம் நானும் அதையேதான் கேட்டிருப்பேன்.

நம்பிக்கை இல்லாமலேயே ஒரு சனிக்கிழமை, மனைவியையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு பள்ளத்தாக்கில் அந்த வியாபாரி சாமான் போட்டுவைக்கும் யார்டுக்குப் போனேன். பெரிய சிமென்ட் தரை, சுற்றிக் கம்பிவேலி. ஒரு மூலையில் சிவப்புச் சீட்டுகள் மட்டும் ஈரத்தில் ஒட்டிக்கிடந்தன. நான் தேர்ந்தெடுத்த எழுத்துரு, நான் அமைத்த எண் வரிசை. குனிந்து பொறுக்கினேன். எதற்குப் பொறுக்கினேன் என்று தெரியவில்லை. இவள் குழந்தையோடு காரிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பும்போது ஃப்ரீவேயில் இவள்தான் முதலில் பேசினாள். "அந்தம்மாகிட்ட உள்ளதச் சொல்லிப்போடுங்க. திட்டுனா திட்டட்டும்."

"சொன்னா மேனேஜர் காதுக்குப் போகும். வேலை போயிரும்."

"போனா?"

"ஊருக்குத் திரும்போணும்."

பின்சீட்டில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. ஊருக்குப் போனால் என்ன, உயிரா போய்விடும்? போகாது. ஆனால் ஊரில் என் தங்கை கல்யாணம் என்னை நம்பித்தான் நிச்சயமாகியிருந்தது. அதை இவளும் அறிவாள்.  சொல்ல வேண்டும் என்றோ வேண்டாம் என்றோ இவள் அதற்குமேல் ஒருபோதும் சொன்னதில்லை.

டிசம்பர் இரண்டாம் வாரம், வேலையை ஒப்படைத்துக் கையெழுத்து வாங்க நான் மறுபடி போக வேண்டியிருந்தது. மலைப்பாதையில் பனி. டயருக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டு ஊர்ந்து போனேன். வழியெல்லாம் இரண்டு வாக்கியங்களை ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். இது என் தவறு. என் புரோகிராம் 1912ஐ 2012 என்று எடுத்துக்கொண்டது. இரண்டே வாக்கியம்தான்.

மேடம் கைத்தடியோடு கூடத்தின் நடுவில் நின்றிருந்தார். முந்தின நாள்தான் வந்திருக்கிறார். ஆபரேஷன் ஆன கால், உட்கார அந்தக் கூடத்தில் ஒன்றுமே இல்லை. நான் கொட்டகைக்கு ஓடிப்போய், கம்பளியைப் பிரித்து, ஆரஞ்சு ரெக்சின் ஸ்டூல் ஒன்றை எடுத்துவந்து போட்டேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உட்கார்ந்தார். வசந்தத்தில் ஹோட்டல் திறக்கும்போது தனக்கு இடம் இருக்காது என்று மேனேஜர் சொல்லிவிட்டதாகச் சொன்னார். தங்கை வீட்டுக்கே போய்விடப் போகிறாராம். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"இது என் தவறு" என்றேன்.

திருடனுக்குத் தேள் கொட்டியது போல அத்தனை நாள் அடக்கிவைத்திருந்தது, அந்த ஒரு வாக்கியம் மட்டும் எப்படியோ வெளியே வந்துவிட்டது. அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பிறகு குனிந்து, நாற்காலி நின்ற வெளிறிய தரையை விரலால் தொட்டு, இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொண்டார். நான் செய்தது போலவே, கொஞ்சம் தப்பும் தவறுமாக.

"நீ நாற்காலிக் காலிடம்கூட மன்னிப்புக் கேட்கிறவன். எல்லாவற்றுக்கும் நீயே மன்னிப்புக் கேட்பாய். சீட்டை மாற்றி ஒட்டி அனுப்பியது அந்தப் புது மேனேஜராகத்தான் இருக்கும்" என்றார். "பத்து நாள் போன் செய்தாயாமே, அந்த யார்டுக்குக்கூடப் போனாயாமே. நேற்று நான் கூப்பிட்டபோது லாரிக்காரர் சொன்னார். இந்த ஹோட்டலில் வேறு யாரும் ஒரு போன்கூடச் செய்யவில்லை."

இரண்டாவது வாக்கியம் என் தொண்டையில் இருந்தது. இருந்தது என்று சத்தியம் செய்வேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை எப்படி இருக்கிறாள் என்று கேட்டார். நன்றாக இருக்கிறாள் என்றேன். அவர் தப்பாகப் புரிந்துகொண்டதில் எனக்குள் எங்கேயோ ஒரு நிம்மதி வந்தது. அந்த நிம்மதிக்காகத்தான் வெட்கப்படுகிறேன், தவறுக்காகக்கூட அவ்வளவு இல்லை.

கிளம்பும்போது மூன்று நோட்டுப் புத்தகங்களையும் என் கையில் கொடுத்தார். சாமான் இல்லாமல் இது எனக்கு எதற்கு, அவற்றைத் தெரிந்தவன் நீ ஒருவன்தான் மிச்சம், வைத்துக்கொள் என்றார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது. வாங்கிக்கொண்டேன்.

காரில் ஹீட்டர் சூடாகும்வரை காத்திருக்கையில் முதல் நோட்டைப் பிரித்தேன். கணப்புக்குப் பக்கத்துச் சாய்வு நாற்காலி, எண் ஒன்பது. அதன் உபத்திரவங்களுக்குக் கீழே புதிதாக ஒரு வரி சேர்த்திருந்தார். கம்ப்யூட்டர் பையனின் மனைவி இதில் இரண்டு மணி நேரம் தூங்கினாள், மூன்றாவது பள்ளம், 1999 என்று. அதற்கு மேலே அதே மையில், அதே நிதானத்தில் 1912. பக்கம் பக்கமாகப் புரட்டினேன். அறுபத்தெட்டு முறையும் நான்கு இலக்கம். ஒரு இடத்தில்கூட அவர் சுருக்கி எழுதியிருக்கவில்லை.

ஜன்னல் வழியே அவர் இன்னும் அந்த ஆரஞ்சு ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பது தெரிந்தது. இறங்கிப் போக இருபது அடிகூட இல்லை. பனியால் பாதையை மூடப்போகிறார்கள், சீக்கிரம் கிளம்பு என்று வாசல் காவலர் கண்ணாடியைத் தட்டினார். நான் வண்டியை எடுத்தேன்.